விசிட்டிங் கார்டு யார் கைக்குப் போகப் போகிறது?

கேள்வி: நானும் அண்ணனும் சேர்ந்து வேலூர் தோட்டப்பாளையத்தில் நோயாளிகளுக்கான கட்டில், வீல் சேர், வாக்கர், ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் எல்லாம் வாடகைக்குக் கொடுக்கிறோம். டெலிவரிக்கு இரண்டு பையன்கள் இருக்கிறார்கள். ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் ஸ்டாக் வைக்கப் போகிறோம். போன் நம்பர் மாறிவிட்டதால் புதிதாக விசிட்டிங் கார்டு அடிக்கலாம் என்று ஒரு டிடிபி சென்டரில் கொடுத்தோம். அவர்கள் போட்டுக் கொடுத்ததை இதோடு அனுப்பியிருக்கிறேன். மேலே வள்ளிமலை முருகன் படம், தங்க ஃபாயிலில் கடைப் பெயர், சிவப்பு பிளஸ் குறி, 16 பொருள்களின் பட்டியல், நான்கு நம்பர், ஜிபே கியூஆர், அண்ணன் பெயருக்குக் கீழே மேனேஜிங் டைரக்டர் என்று இரண்டு பக்கமும் நிரம்பியிருக்கிறது. அண்ணனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்கு என்னமோ இடிக்கிறது, எது என்று சொல்லத் தெரியவில்லை. முருகன் படத்தைப் பற்றி அண்ணனிடம் எப்படிப் பேசுவது என்றும் தயக்கமாக இருக்கிறது. தமிழில் போடுவதா இங்கிலீஷிலா? வருகிறவர்களில் பெங்காலிக்காரர்கள் நிறைய. வாட்ஸ்அப் இருக்கும்போது கார்டே தேவையா என்றும் தோன்றுகிறது. பழைய கார்டு ஒரு பெட்டி மிச்சம் இருக்கிறது, அதை என்ன செய்யலாம்? (வாசகி, வேலூர்)

பதில்: சகோதரி, உங்களுக்கு இடிப்பது சரியாகத்தான் இடிக்கிறது. அந்த டிசைனில் உங்கள் கடையைப் பற்றி எல்லாமே இருக்கிறது, ஆனால் அதை வாங்கிக்கொண்டு போகிறவருக்கு எது, எப்போது, எந்த நிலைமையில் தேவைப்படும் என்று யாரும் யோசித்த மாதிரி தெரியவில்லை. கார்டு என்றாலே கலர், ஃபாயில், லோகோ என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். அதையெல்லாம் பின்னால் தள்ளிவிட்டு இது யார் கைக்குப் போகும் என்பதிலிருந்து பார்ப்போம். உங்கள் தொழிலில் அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் மற்ற கேள்விகளில் முக்கால்வாசி அதோடு தீர்ந்துவிடும்.

முதலில் அந்த வாட்ஸ்அப் சந்தேகம். வேறு சில தொழில்களுக்குக் கார்டு இல்லாமலே ஓட்டலாம், உங்களுக்கு முடியாது. கட்டில் வாடகைக்கு எடுக்கப் போகிற குடும்பத்துக்கு, எடுக்கிற நாள் வரைக்கும் அப்படி ஒன்று தேவைப்படும் என்றே தெரியாது. நாளைக்கு டிஸ்சார்ஜ் என்று சொன்ன பிறகுதான் அவர்கள் லாட்ஜ் கவுண்டரிலும் மருந்துக்கடையிலும் ஆட்டோ ஸ்டாண்டிலும் ஆம்புலன்ஸ் டிரைவரிடமும் விசாரிக்க ஆரம்பிப்பார்கள். அந்த நேரத்தில் லாட்ஜ் மேனேஜர் தன் போனில் உங்களை எந்தப் பெயரில் போட்டுவைத்தார் என்று தேடிக்கொண்டிருக்க மாட்டார், மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிற கார்டைக் காட்டி நம்பரைக் குறித்துக்கொள்ளச் சொல்வார். கேட்டவர் அதை போட்டோ எடுத்து ஊரில் இருக்கும் மகனுக்கு அனுப்புவார். ஆக, உங்கள் கார்டும் கடைசியில் வாட்ஸ்அப்பில்தான் போகிறது, ஆனால் கிளம்புகிற இடம் அந்தக் கண்ணாடி மேஜை. அதனால் போட்டோவில் சுருங்கிய பிறகும் நம்பர் தெளிவாகத் தெரிகிறதா என்பதை இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கை, ஏற்கெனவே வாடகைக்கு எடுத்தவருடையது. குடியாத்தம் பக்கம் ஏதோ ஒரு வீட்டில், ராத்திரி இரண்டு மணிக்கு ஏர் பெட்டின் மோட்டார் நின்றுபோகிறது. அப்பாவுக்கு முதுகில் புண் வந்துவிடுமோ என்று பயந்துபோய் அந்த வீட்டுப் பெண்மணி ரசீதோடு வைத்த கார்டைத் தேடி எடுக்கிறார். வெளிச்சம் போதவில்லை, மூக்குக் கண்ணாடி எங்கேயோ இருக்கிறது. அவருக்கு அந்த நேரத்தில் வேண்டியது ஒரே ஒரு நம்பர், போட்டால் எடுக்கிற நம்பர். இப்போது உங்களுக்கு வந்திருக்கும் டிசைனை எடுத்துப் பாருங்கள்: நான்கு நம்பரும் ஒரே அளவில், கீழ் ஓரத்தில், நீலப் பின்னணியில் பொடி வெள்ளை எழுத்தில் இருக்கின்றன. கடைப் பெயர் மட்டும் பெரிதாகத் தங்கத்தில் மினுங்குகிறது. எனக்கு அந்தக் கார்டின் மேல் இருக்கும் கோபமே இதுதான்.

அதனால் நம்பர் ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு. அண்ணனின் சொந்த நம்பரோ உங்கள் சொந்த நம்பரோ வேண்டாம், கடைக்கென்று ஒரு சிம் வைத்து அதையே கார்டிலும் வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். டெலிவரிப் பையன்களின் நம்பரை அச்சில் ஏற்றவே ஏற்றாதீர்கள், அவர்கள் வேறு வேலைக்குப் போனால் மிச்சக் கார்டெல்லாம் வீண், அதோடு உங்கள் வாடிக்கையாளர்களின் போன்களும் அவர்களுக்குத்தான் போகும். நம்பரை ஐந்து ஐந்தாகப் பிரித்து நடுவில் இடைவெளி விட்டு அச்சடிக்கச் சொல்லுங்கள், பத்து இலக்கத்தையும் ஒட்டிப் போட்டால் பார்த்து அழுத்தும்போது ஒன்று தவறும். வங்கதேசத்திலிருந்து வருகிறவர்களும் இருப்பார்கள் இல்லையா, அவர்கள் ஊருக்குத் திரும்பிய பிறகும் கூப்பிட வேண்டியிருக்கலாம், அதற்காக முன்னால் +91 சேருங்கள். லேண்ட்லைன் இருந்தால் 0416ஐ விட்டுவிடாதீர்கள். கார்டில் மிகப் பெரிய எழுத்து கடைப் பெயருக்குத்தான் என்று எந்தச் சட்டமும் இல்லை. உங்கள் கார்டில் நம்பர்தான் பெரிதாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து, அண்ணனிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

கடைப் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. எண்டர்பிரைசஸ், அசோசியேட்ஸ், ஏஜென்சீஸ் என்று முடியும் பெயரைப் படித்து யாராலும் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்ல முடியாது, உங்கள் பெயரும் அந்த வகைதான். பெயரை மாற்றச் சொல்லவில்லை. அதற்குக் கீழே ஒரே வரியில், ஜனங்கள் கேட்கிற பேச்சிலேயே தொழிலைச் சொல்லிவிடுங்கள்: "ஆஸ்பத்திரி கட்டில், வீல் சேர், ஆக்சிஜன் மெஷின் வாடகைக்குக் கிடைக்கும்." அவ்வளவுதான். கான்சன்ட்ரேட்டர் என்று நீங்களும் நானும் சொல்வோம், லாட்ஜில் உட்கார்ந்திருக்கும் குடும்பம் ஆக்சிஜன் மெஷின் என்றுதான் கேட்கும். மீதி 13 பொருளை எடுத்துவிட்டால் அதற்கு ஆள் வராதோ என்று அண்ணன் பயப்படுவார். வருவார்கள். கமோடு சேர் வேண்டுமென்று நினைப்பவர், கட்டில் வாடகைக்குக் கொடுக்கிற கடையில் அதுவும் இருக்கும் என்று தானே ஊகித்துக் கேட்பார். முழுப் பட்டியலையும் வாடகை விவரத்தோடு ஒரு படமாகச் செய்து வாட்ஸ்அப்பில் வைத்துக்கொண்டு, கேட்கிறவர்களுக்கு அனுப்புங்கள். விலை மாறினால் படத்தை மாற்றிக்கொள்ளலாம், அச்சடித்த கார்டை மாற்ற முடியாது.

மொழி விஷயத்துக்கு வருகிறேன், உங்கள் கேள்வியிலேயே இதுதான் கனமான பகுதி. இங்கே இருக்கும் பெரிய மருத்துவமனையான சிஎம்சியைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்தாலே தெரியும், லாட்ஜ், மெஸ், மருந்துக்கடை போர்டுகளில் தமிழுக்கும் இங்கிலீஷுக்கும் பக்கத்தில் பெங்காலியும் இருக்கும். மேற்கு வங்கம், வங்கதேசம், ஜார்க்கண்ட், வடகிழக்கு என்று அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்கள். இன்னொரு பக்கம் சித்தூரிலிருந்து தெலுங்குக்காரர்கள். அப்புறம் நம்மூர்க்காரர்கள், அணைக்கட்டு, கே.வி.குப்பம், பேரணாம்பட்டு வரைக்கும். இத்தனை மொழியையும் ஒரே கார்டில் அடைத்தால் எந்த மொழிக்காரருக்கும் படிக்கிற அளவில் எழுத்து இருக்காது. எனவே நான் இரண்டு கார்டு அடிக்கச் சொல்வேன். ஒன்று தமிழும் இங்கிலீஷும், கடைக்கும் உள்ளூர் டெலிவரிக்கும். இன்னொன்று பெங்காலியும் இங்கிலீஷும், லாட்ஜ்களுக்கு. அளவு, கலர், நம்பர் இருக்கும் இடம் எல்லாம் இரண்டிலும் அச்சு அசல் ஒன்றாகவே இருக்கட்டும், மொழி மட்டும் மாறட்டும். தெலுங்கும் இந்தியும் இப்போதைக்கு வேண்டாம், அந்த ஆட்களில் பலர் இங்கிலீஷில் எழுதிய வீல் சேரையும் நம்பரையும் படித்துக்கொள்வார்கள், தேவை தெரிந்தால் அடுத்த முறை சேர்க்கலாம்.

பெங்காலி வரியை போனில் மொழிபெயர்த்து அப்படியே அச்சுக்கு அனுப்பிவிடாதீர்கள், இதை ரொம்ப அழுத்தியே சொல்கிறேன். "வாடகைக்கு" என்பது வீட்டு வாடகை மாதிரிக்கூட வந்து நிற்கலாம். உங்கள் வாடிக்கையாளரிலேயே படித்த ஒருவரிடம், இந்தப் பொருளை உங்கள் ஊரில் எப்படிக் கேட்பீர்கள் என்று கேட்டு, அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். அப்புறம் அச்சுக்கு முந்தைய ப்ரூஃபை வேறொரு பெங்காலிக்காரரிடம் காட்டுங்கள், ஏனென்றால் தமிழில் கொம்பு தப்பான இடத்தில் போய் நிற்பது போலவே பழைய மென்பொருளில் பெங்காலியிலும் உயிர்க்குறிகள் இடம் மாறிவிடும், கூட்டெழுத்துகள் பிரிந்து நிற்கும், டிசைன் செய்கிறவருக்கு அந்த மொழி தெரியாததால் கண்ணில் படவே படாது.

தமிழுக்கும் இந்தத் தொல்லை உண்டு. நம் டிடிபி சென்டர்கள் பலவற்றில் இன்னும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துமுறைகளில்தான் தட்டுகிறார்கள், அந்த ஃபைலை அந்த எழுத்துரு இல்லாத வேறு பிரஸ்ஸில் திறந்தால் தமிழ் இருந்த இடத்தில் ஏதேதோ ஆங்கில எழுத்துகள் நிற்கும். யூனிகோடில் தட்டச் சொல்லுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் என்ற யூனிகோடு எழுத்துருக்கள் இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன, பொடி அளவிலும் தெளிவாக இருக்கும். அச்சுக்குப் போகும் பிரதியில் எழுத்துகளை கர்வ்ஸாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமாக மாற்றி பிடிஎஃப் எடுக்கச் சொல்லி, மாற்றாத மூல ஃபைலையும் ஒரு பிரதி கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்தது நீங்கள், கேட்கத் தயங்க வேண்டாம். அடுத்த முறை நம்பரை மட்டும் மாற்ற வேண்டுமென்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்காது.

எழுத்து அளவில் தமிழையும் இங்கிலீஷையும் ஒரே எண்ணில் வைக்கக் கூடாது. தமிழ் எழுத்து அகலம் அதிகம், ணை, ஞ, ஷ மாதிரி எழுத்துகளுக்குள் சுழி நிறைய, பொடியாகப் போட்டால் மை அடைத்துக்கொள்ளும், புள்ளி காணாமல் போகும். 8 பாயிண்டுக்குக் கீழே தமிழை இறக்காதீர்கள். கருநீலப் பின்னணியில் வெள்ளைத் தமிழ் எழுத்து வேண்டுமென்றால் இன்னும் ஒரு பாயிண்ட் கூட்டித் தடித்த எழுத்தாகப் போடுங்கள், சுற்றியுள்ள மை பரவி மெல்லிய கோடுகளைத் தின்றுவிடும். உங்களுக்கு என்னைக் கேட்டால் வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, நம்பருக்கு மட்டும் ஒரு கலர். வயதானவர்கள் படிக்க வேண்டிய கார்டு இது.

இப்போது அந்த சிவப்பு பிளஸ். இது ரசனை விஷயம் இல்லை, சட்ட விஷயம். வெள்ளையில் சிவப்புச் சிலுவை என்பது செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் ராணுவ மருத்துவப் பிரிவுக்கும் உரிய அடையாளம், 1960ஆம் ஆண்டு ஜெனிவா ஒப்பந்தச் சட்டப்படி மத்திய அரசின் அனுமதி இல்லாமல் நம் நாட்டில் வேறு யாரும் தொழிலுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. டாக்டர்களுக்குக்கூட உரிமை இல்லை. ஊரெல்லாம் கிளினிக் போர்டிலும் ஆம்புலன்ஸிலும் போட்டிருக்கிறார்களே என்பார் அண்ணன், போட்டிருக்கிறார்கள்தான், அத்தனையும் தப்புதான். சிவப்பில் வெள்ளைச் சிலுவையாகத் திருப்பிப் போட்டு சமாளிக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம், அது சுவிட்சர்லாந்தின் சின்னம், அதையும் அதே சட்டம் தடுக்கிறது. போர்க்களத்தில் காயம்பட்டவர்களைத் தூக்கப் போகிறவர்களைச் சுடாதே என்று சொல்கிற குறி அது. கண்ட இடத்திலும் பார்த்துப் பழகிவிட்டால் உண்மையில் தேவைப்படும் இடத்தில் அதற்கு மதிப்பு இருக்காது. உங்களுக்கு ஒரு படம் வேண்டுமென்றால் வீல் சேரின் எளிய கோட்டுப் படம் ஒன்று போதும். எந்த மொழிக்காரருக்கும் அது புரியும், தொழிலையும் சொல்லிவிடும்.

அதே மாதிரி மருத்துவமனையின் கட்டடப் படத்தையோ சின்னத்தையோ கார்டில் சேர்க்காதீர்கள், அவர்களோடு சம்பந்தப்பட்ட கடை என்ற எண்ணம் வரும், பின்னால் உங்களுக்குத்தான் சங்கடம். கடைப் பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் போட்டிருக்கிறார்கள், பதிவான டிரேட்மார்க் இல்லாமல் அதைப் போடுவதும் குற்றம், எடுத்துவிடுங்கள். மேனேஜிங் டைரக்டர் என்ற பதவி பதிவான கம்பெனிகளுக்கு உரியது. நீங்கள் இருவரும் பங்குதாரர்கள் என்றால் அப்படியே போடலாம், அல்லது வெறும் பெயர் மட்டும் போதும். ஜிஎஸ்டி நம்பர் பில்லிலும் கடை போர்டிலும் இருக்க வேண்டியது, கார்டில் தேவையில்லை.

முகவரியில் ஒன்றைக் கவனியுங்கள். "சிஎம்சி அருகில்" என்று போட்டிருக்கிறார்கள். முன்பு அது போதுமானதாக இருந்தது. 2022இல் சிஎம்சியின் ராணிப்பேட்டை வளாகம் திறந்த பிறகு சிலர் அங்கே அட்மிட் ஆகிறார்கள், அவர்களுக்கு நீங்கள் அந்த வளாகத்துக்குப் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றி, அங்கே இறங்கி அலைவார்கள். எனவே வேலூர் டவுன் மருத்துவமனை அருகில், தோட்டப்பாளையம் என்று விளங்கும்படி எழுதி, தெருப் பெயரும் எல்லோருக்கும் தெரிந்த ஒரு அடையாளமும் சேருங்கள். ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் ஸ்டாக் வைக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள், அந்த முகவரிகளைச் சேர்க்கும்போது மாவட்டத்தையும் பாருங்கள், 2019இல் பிரித்த பிறகு ராணிப்பேட்டை தனி மாவட்டம், ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டம். பழைய ஃபைலிலிருந்து காப்பி செய்து எல்லாவற்றிலும் வேலூர் மாவட்டம் என்று போட்ட கார்டுகள் இப்போதும் எங்கள் மேஜைக்கு வருகின்றன.

ஜிபே கியூஆர் கார்டில் வேண்டாம். பணம் வாங்கும் கியூஆர் கவுண்டரில் இருக்க வேண்டியது. கார்டில் போட்டால் பேங்க் மாற்றுகிற அன்று எல்லாக் கார்டிலும் பழைய கணக்கு இருக்கும், அதோடு யார் எதற்கு அனுப்பினார்கள் என்று தெரியாத பணமும் வந்து சேரும். கியூஆர் போட்டே ஆக வேண்டுமென்றால் ஒன்று மட்டும், ஸ்கேன் செய்தால் கடையின் வாட்ஸ்அப் திறக்கிற மாதிரி. இங்கே ஒரு பொறி இருக்கிறது: இலவசமாகக் கியூஆர் செய்து தரும் தளங்கள் சில, தங்கள் இணைப்பு வழியாகச் சுற்றிக்கொண்டு போகும் வகையைத் தருகின்றன, சோதனைக் காலம் முடிந்ததும் காசு கட்டச் சொல்லி நிறுத்திவிடும், உங்கள் கார்டில் இருப்பது வெறும் கட்டமாகிவிடும். நேரடியாக உங்கள் நம்பருக்கே போகும் நிலையான வகையைக் கேளுங்கள். உள்ளே அடைக்கும் விவரம் கூடக்கூடக் கட்டங்கள் பொடியாகிப் பழைய போன்களால் படிக்க முடியாது, அதனால் பெயர், முகவரி, இமெயில் என்று எல்லாவற்றையும் திணிக்காமல் வாட்ஸ்அப் இணைப்பு மட்டும் இருக்கட்டும். 2 சென்டிமீட்டருக்குக் குறையாமல், சுற்றிலும் நான்கு கட்ட அளவுக்கு வெள்ளை விட்டு, வெள்ளையின் மேல் கறுப்பில் அச்சடியுங்கள். ஃபாயிலில் கியூஆர் வேண்டவே வேண்டாம், வெளிச்சம் பட்டுத் திரும்பி கேமரா தடுமாறும்.

அட்டைக்கு வருகிறேன். நம் ஊரில் வழக்கமான அளவு மூன்றரைக்கு இரண்டு அங்குலம், பர்ஸில் ஏடிஎம் கார்டு வைக்கிற இடத்தில் ஏறக்குறைய உட்கார்ந்துகொள்ளும். வித்தியாசமாக இருக்கட்டும் என்று சதுரம், வட்டம், வீல் சேர் வடிவ கட்டிங் எல்லாம் காட்டுவார்கள், ஆசைப்படாதீர்கள், பர்ஸில் நுழையாத கார்டு லாட்ஜ் மேஜையிலேயே தங்கிவிடும். 350 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு கேளுங்கள், ஜிஎஸ்எம் என்பது அட்டையின் கனத்தைச் சொல்லும் எண். முன்பக்கம் மினுங்காத மேட் லேமினேஷன் போடலாம், ஆஸ்பத்திரி பக்கம் எல்லோர் கையிலும் சானிடைசர் ஈரம் இருக்கும், அதைத் தாங்கும். பின்பக்கம் லேமினேஷன் இல்லாமல், கோட் செய்யாத மாதிரி விட்டு, வெள்ளையாக வையுங்கள். பளபளப்பான கிளாஸி லேமினேஷனில் பால்பாயிண்ட் பேனா வழுக்கும், எழுதினாலும் அழிந்துபோகும், உங்களுக்கோ எழுதுகிற இடம்தான் முக்கியம். பின்பக்கத்தில் மூன்றே மூன்று வரி அச்சடியுங்கள்: எடுத்த தேதி, டெபாசிட், திருப்ப வேண்டிய தேதி. டெலிவரிப் பையன் கட்டிலை இறக்கியதும் அங்கேயே நிரப்பிக் கொடுத்துவிட்டு வரட்டும். டெபாசிட் எவ்வளவு கொடுத்தோம் என்ற எழுத்து இருக்கிற கார்டை யாரும் தூக்கிப் போட மாட்டார்கள், பணம் திரும்பி வரும் வரைக்கும் பீரோவில் பத்திரமாக இருக்கும். அதற்கப்புறமும் பக்கத்து வீட்டில் ஒருவருக்குத் தேவைப்பட்டால் அந்தக் கார்டுதான் கைமாறும். ஒரு பக்கம் மட்டும் லேமினேஷன் போட்டால் மெல்லிய அட்டை வளைந்துகொள்ளும், 350 கேட்கச் சொன்னது அதற்காகவும்தான்.

விலை குறைவாகச் சொல்கிற இடங்களில் பலருடைய கார்டுகளை ஒரே பெரிய ஷீட்டில் சேர்த்து சிவகாசி போன்ற ஊர்களில் ஆஃப்செட்டில் ஓட்டுவார்கள். தப்பில்லை, ஆயிரம் கார்டுக்குக் கட்டுபடியாவது அந்த முறைதான். ஆனால் பக்கத்தில் இருக்கும் கார்டின் கலர் உங்கள் கார்டையும் கொஞ்சம் இழுக்கும், இந்த முறை வந்த நீலம் அடுத்த முறை அப்படியே வராது. கம்ப்யூட்டர் திரையில் பார்த்த பளிச்சென்ற நீலம் அச்சில் ஊதா கலந்து வருவதும் சகஜம், எனவே நீலத்தில் ரொம்ப மனசை வைக்காதீர்கள். கட்டிங் மெஷினில் ஒரு மில்லிமீட்டர் அப்படி இப்படிப் போகத்தான் செய்யும், அதனால் பின்னணிக் கலரை நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் வெளியே நீட்டச் சொல்லுங்கள், எழுத்து எதுவும் ஓரத்திலிருந்து 4 மில்லிமீட்டருக்குள் வர வேண்டாம். உங்கள் டிசைனில் சுற்றிலும் ஒரு மெல்லிய கோடு ஃபிரேம் இருக்கிறது, அதைக் கட்டாயம் எடுங்கள், கட்டிங் கொஞ்சம் விலகினாலும் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் அப்பட்டமாகத் தெரியும். பொடி எழுத்துகளுக்குக் கறுப்பு ஒரே மையில் இருக்கட்டும், நான்கு கலரும் கலந்த கறுப்பு என்றால் பிளேட் ஒரு நூல் நகர்ந்தாலே எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் அடிக்கும். இதையெல்லாம் டிசைனரிடம் சொன்னால் அவருக்குப் புரியும், நீங்கள் கேட்டு வருகிறீர்கள் என்று தெரிந்தாலே கவனம் கூடும்.

முருகன் படத்தைப் பற்றி அண்ணனிடம் எப்படிப் பேசுவது என்று தயங்கி எழுதியிருக்கிறீர்கள். அவருடைய பக்தியில் எனக்கு ஒரு குறையும் இல்லை, சாமி பெயரைச் சொல்லித் தொழில் ஆரம்பிக்கிற ஊர் இது. ஆனால் இந்தக் கார்டு லாட்ஜ் தரையில் விழும், மிதிபடும், கட்டிலின் சக்கரத்துக்கு அடியில் கிடக்கும், ஒரு நாள் குப்பையோடு போகும். வள்ளிமலையான் படம் அப்படிக் கிடப்பதை அண்ணனாலேயே பார்க்க முடியாது. படத்தைக் கடையில் கல்லாவுக்கு மேலே நல்லபடியாக மாட்டிவையுங்கள், கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போடுவதைப் போலக் கார்டுக்குக் கொடுக்கும் ஆர்டர் தாளில் போட்டுவிட்டே கொடுக்கட்டும். இப்படிச் சொன்னால் அவர் ஒத்துக்கொள்வார் என்றுதான் நினைக்கிறேன்.

எடுத்ததுமே ஆயிரம் அடிக்காதீர்கள். டிஜிட்டல் பிரின்டில் நூறு நூறாக இரண்டு வகையும் எடுங்கள், ஒரு கார்டின் விலை கூடத்தான் ஆகும், பரவாயில்லை. ப்ரூஃப் வந்ததும் அதில் இருக்கிற நம்பரைப் பார்த்து உங்கள் போனிலிருந்து நீங்களே டயல் செய்யுங்கள், மனப்பாடத்தில் இருக்கும் நம்பரை அழுத்தக் கூடாது, தாளைப் பார்த்தே அழுத்த வேண்டும். பழைய போன் ஒன்றில் கியூஆரைக் காட்டிப் பாருங்கள். வீட்டில் அறுபது தாண்டிய ஒருவரிடம் கண்ணாடி இல்லாமல், சாயங்கால வெளிச்சத்தில் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு லாட்ஜில் கொடுத்துவிட்டுப் பதினைந்து நாள் கழித்துப் போய், கேட்க வருகிறவர்கள் அதைப் பார்த்து என்ன கேட்கிறார்கள் என்று மேனேஜரிடம் விசாரியுங்கள், அவர் சொல்வதை வைத்து ஒரு வரியோ இரண்டு வரியோ மாறும். அப்புறம் ஆஃப்செட்டுக்குப் போகலாம். ஃபாயிலுக்கு வைத்திருந்த காசில் கடை நம்பரோடு தண்ணீர் தாங்கும் ஸ்டிக்கர் அடித்து ஒவ்வொரு கட்டிலிலும் மெஷினிலும் ஒட்டிவிடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கார்டு கிடைக்காவிட்டாலும் மெஷின் எதிரிலேயேதான் இருக்கும்.

கடைசியாக அந்தப் பழைய பெட்டி. அதில் பேனாவால் நம்பரை அடித்துப் புது நம்பரை எழுதிக் கொடுக்காதீர்கள், உயிர் காக்கிற மெஷினை நம்பி வாங்குகிறவருக்கு அது நல்ல எண்ணத்தைத் தராது. கார்டுகளைக் கிழித்துப் பேப்பர்காரரிடம் போடுங்கள். பழைய சிம்மை மட்டும் உடனே விட்டுவிடாதீர்கள். ரீசார்ஜ் இல்லாமல் துண்டிக்கப்பட்ட நம்பரை 90 நாளுக்குப் பிறகு கம்பெனிக்காரர்கள் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடலாம், உங்கள் பழைய கார்டு இன்னும் எத்தனையோ வீட்டு பீரோவில் இருக்கிறது, உங்கள் கட்டில்கள் சிலவும் அந்த வீடுகளில்தான் இருக்கின்றன. குறைந்தது ஒரு வருஷத்துக்காவது சின்ன ரீசார்ஜ் போட்டு, அதற்கு வருகிற அழைப்பெல்லாம் புது நம்பருக்குத் திரும்புகிற மாதிரி ஃபார்வர்டு வைத்துவிடுங்கள். பழைய நம்பரில் கூப்பிடுகிறவர்களின் வீட்டுக்கு அடுத்த முறை டெலிவரியோ கலெக்‌ஷனோ போகும்போது பையன் புதுக் கார்டைக் கொடுத்துவிட்டு வரட்டும்.